தம்மபாலன் காதில் வாங்காத வரி

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு ஐடாவுக்கு வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. சுரங்க அதிகாரி எட்மண்ட் சாரின் பங்களாவுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் அவருடைய பச்சைக் காரின் முன்மூடி திறந்து கிடந்தது. தம்மபாலன் இன்ஜினுக்குள் இடுப்பு வரை கவிழ்ந்திருந்தார். ஐடா ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்து, லண்டனிலிருந்து பார்சலில் வந்த நான்கு பக்க இங்கிலீஷ் காகிதத்தை மடியில் விரித்திருந்தாள்.

"படிங்க ஐடாம்மா. அவசரம் ஒண்ணும் இல்ல."

"வால்வின் சுருளுக்குப் பன்னிரண்டு வோல்ட் மின்சாரம் மட்டுமே அளிக்கப்பட வேண்டும்."

"இன்னா ஐடாம்மா, சர்ச்சுல நின்னு படிக்கற மாதிரி படிக்கிறீங்க! வூட்ல பேசற மாதிரி சொல்லுங்க. இது வண்டி, சாமி இல்ல."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "பன்னெண்டு வோல்ட்டுக்கு மேல போகக் கூடாதாம்ணா."

"பேட்டரியே பன்னெண்டுதான். மேல எங்கருந்து வரும்? அடுத்தது."

"கரண்ட் இருக்கற வரைக்கும் வால்வு மூடியே இருக்குமாம். கரண்ட் நின்னா உள்ள இருக்கற ஸ்பிரிங் தள்ளி, வால்வு தொறந்துக்குமாம். அப்போ அழுத்தின காத்து இன்ஜினுக்குள்ள போகாம, வந்த வழியே திரும்பிடுமாம். அழுத்தம் எறங்கிடும்."

"ஆங்! அதான் நியாயம். இத எழுதனவன் நம்ம சுரங்கத்து விண்டர் ரூம்ல வேலை பாத்தவனாட்டம் யோசிச்சிருக்கான். அடுத்தது?"

"கம்பி தகரத்தத் தாண்டற எடத்துல ரப்பர் வளையம் போடணும்."

"போட்டாச்சு."

"வால்வுக்குன்னு தனி ஃப்யூஸ் வைக்கணும். அந்த ஃப்யூஸ்ல வேற எதையும் சேக்கக் கூடாது."

தம்மபாலனின் தலை வெளியே வந்தது. நெற்றியில் கிரீஸ். "ஏன்னு போட்டிருக்குதா?"

அவள் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். "இல்லண்ணா. கூடாதுன்னு மட்டும்தான் இருக்கு."

"காரணம் சொல்லாதவன் பேச்ச பாதிதான் கேக்கணும். நான் சொல்றன் கேளுங்க. விண்டர் ரூம்ல, ஆளுங்கள எறக்கற கேஜுக்கு மணியும் பிரேக்கும் ஒரே கரண்ட்ல நிக்குது. ஏன்? மணி செத்துப்போச்சுன்னா கீழ கேஜ்ல நிக்கறவன் ‘நிறுத்து’ன்னு எப்படிச் சொல்லுவான்? அதனால மணி செத்தா கேஜும் நின்னுடணும். பிரேக் தானா வுழுந்துடும். இந்த வண்டிக்கு மணி எது? ஹாரன். ஹாரன் இல்லாத வண்டி வேகமா போகலாமா? போகக் கூடாது. வால்வ ஹாரன் ஃப்யூஸ்லயே சேத்துட்டா, ஹாரன் செத்த அந்த நிமிஷமே வண்டிக்கு வேகம் கொறஞ்சிடும். எப்படி?"

"தடிச்ச எழுத்துல போட்டிருக்குண்ணா" என்றாள் ஐடா. சொன்னது தன் மடியைப் பார்த்து. அதே நேரம் அவர் ஸ்பானரைத் தட்டில் போட்டார்.

"அடுத்தது?" என்றார்.

அவள் அடுத்த வரியைப் படித்தாள். பேச்சு அவ்வளவுதான்.

தம்மபாலனுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. மாரிகுப்பத்தில் ரயில் வந்து முடியும் இடத்துக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிய தொழிலாளர் லைன் வீடுகளில் ஐடாவின் வீட்டுக்கு மூன்றாவது வீடு அவருடையது. உள்ளே நுழைந்தால் முதலில் தெரிவது ஒரு புத்தர் படமும் அதன் மேல் அவரே கம்பி இழுத்துப் போட்ட ஒரு சின்னப் பல்பும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி விகாரைக்குப் போவார். போகிற வழியில் யார் வீட்டு சுவிட்சிலாவது பொறி பறந்தால் அதைச் சரி செய்துவிட்டுத்தான் போவார். அதனால் விகாரைக்கு அவர் சரியான நேரத்துக்குப் போனதாகச் சரித்திரமே இல்லை. "புத்தர் காத்திருப்பாரு, ஷாக் காத்திருக்காது" என்பார். அவர் மனைவி சுலோச்சனா, "எங்க வூட்டு அடுப்பு மட்டும் எந்தப் பௌர்ணமிக்கோ தெரியல" என்பாள்.

பதினாறு வயதில் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கினார். எலக்ட்ரீஷியனுக்குக் கம்பி சுமக்கும் ஆளாகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே வேலை கற்றவர். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பார். இங்கிலீஷில் கேஜ், ஷிப்ட், லெவல், டேஞ்சர் என்ற பலகைகளை மட்டும் உருவம் பார்த்துத் தெரிந்துகொள்வார். ஆனால் எந்த மோட்டாராக இருந்தாலும் உறையைத் தொட்டால், உள்ளே எந்தச் சுருள் சூடாகிறது என்று சொல்லிவிடுவார்.

ஒருமுறை கீழே பாறை வெடித்துச் சரிந்தது. ஒரு பம்ப் அறையில் இன்னும் இரண்டு பேரோடு ஒன்பது மணி நேரம் மாட்டிக்கொண்டார். அதைப் பற்றி அவர் பேசி ஐடா கேட்டதில்லை. சுலோச்சனாதான் சொன்னாள்: "வெளிய வந்தாரு, குளிச்சாரு, சோறு தின்னாரு. அன்னிலருந்து வூட்டுக் கதவ மட்டும் சாத்த வுடறதில்ல. மார்கழிப் பனியிலயும் கதவு தொறந்தே இருக்கணும்."

அதற்குப் பிறகுதான் மேலே, விண்டர் ரூமில் ஓர் இடம் காலியாயிற்று. மூவாயிரம் அடி, ஐயாயிரம் அடி என்று ஆட்களைக் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் வைத்து இறக்கி ஏற்றும் பெரிய சக்கரங்கள் சுற்றும் கட்டடம் அது. ஜன்னல்கள் உயரமானவை. உள்ளே நின்றால் வானம் தெரியும், தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைட் மண் மேடுகள் தெரியும். தம்மபாலன் மூன்று வருஷமாக அங்கே தற்காலிகமாக வேலை பார்த்தார். நிரந்தரமாக்கும் காகிதம் எலக்ட்ரிகல் ஆபீசில் எட்மண்ட் சாரின் மேஜையில் இருந்தது. கையெழுத்து விழுந்தால் அந்த ஜன்னல்கள் அவருடையவை. விழாவிட்டால் மறுபடி கீழே, பம்ப் அறை. இது அந்த லைனில் எல்லோருக்கும் தெரியும். எட்மண்ட் சாரின் டைப்பிஸ்ட் என்பதால் ஐடாவுக்குக் கூடுதலாகவே தெரியும்.

அதனால்தான், "பாலன், நம்ம காருக்கு ஒரு வால்வு மாட்டணும், வர்றியா?" என்று சார் கேட்டதைத் தம்மபாலன் வீட்டுக்கு வந்து சொன்ன அன்று, சுலோச்சனா குழம்புக்கு உப்புப் போட மறந்துவிட்டாள். "நல்லா பண்ணுங்க" என்று மட்டும் மூன்று முறை சொன்னாள்.

அந்தக் கார், ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் விட்டுப்போனது. இரண்டு பேர் உட்காரலாம். மேலே துணிக்கூரை. இன்ஜினோடு கூடவே சுற்றி, காற்றை உள்ளே அழுத்தித் தள்ளும் ஒரு ஊதி அதில் இருந்தது. அதனால் மேட்டில் மற்ற கார்கள் மூச்சு வாங்கும்போது இது பாய்ந்து ஏறும். ஆனால் இங்கே கிடைத்த பெட்ரோலுக்கு அந்த அழுத்தம் ஒத்துக்கொள்ளவில்லை. இன்ஜின் உள்ளே கல் போட்ட டப்பா மாதிரி தட்டியது. வேண்டும்போது அழுத்தத்தை வைத்துக்கொள்ளவும் வேண்டாதபோது இறக்கவும் ஒரு சுவிட்ச் தேவைப்பட்டது. லண்டனில் இருந்த சிநேகிதர் அந்த வால்வை அனுப்பினார். வாரக் கடைசிகளில் தம்மபாலன் வேலை செய்ய, ஐடா படித்தாள். ஊர் அதையும் விடவில்லை. "வண்டிக்கு இழுப்பு நோயாம், பாலன் டாக்டரு வைத்தியம் பாக்குறாராம், ஐடா நர்ஸம்மா சீட்டு படிக்கிறாங்களாம்" என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள்.

மூன்றாவது ஞாயிறு வேலை முடிந்தது. பூதிகோட்டை ரோட்டில் சாரோடு தம்மபாலன் ஒரு சுற்றுப் போய்வந்தார். சுவிட்சைப் போட்டால் கார் முதுகில் அறைந்தது போல் முன்னால் பாய்ந்தது. எடுத்தால் பசு மாதிரி நடந்தது. எட்மண்ட் சார் இறங்கி அவர் தோளில் தட்டினார். "பாலன், உன் பேப்பர நாளைக்கே பாக்கறேன்." தம்மபாலன் வீட்டுக்கு வந்து, யாரும் கேட்காமலே அடுப்பை எடுத்துப் பழுது பார்க்க உட்கார்ந்தார்.

ஆனால் அடுத்த நாள் சார் சுரங்கத்தின் வேறொரு ஷாஃப்டுக்குப் போக வேண்டியதாயிற்று. காகிதம் அந்த வாரம் முழுக்க மேஜையிலேயே கிடந்தது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரும் அவர் மனைவி ஃப்ளோராவும் பங்காருபேட்டைக்குப் புறப்பட்டார்கள்.

நடந்ததை ஐடா திங்கட்கிழமை காலை ஆபீசில் சாரின் வாயாலேயே கேட்டாள். நெல் மூட்டை ஏற்றிய ஒரு மாட்டு வண்டி முன்னால் போய்க்கொண்டிருந்தது. எதிரே தூரத்தில் ஒரு லாரி. தாண்டிவிடலாம் என்று கணக்குப் போட்டு, சுவிட்சும் போட்டிருந்ததால், சார் வலப்பக்கம் ஏறினார். மாட்டு வண்டிக்காரன் ஒதுங்கட்டும் என்று ஹாரனை அழுத்தினார். ஹாரன் ஒரு முறை கத்தி அடங்கியது. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஹாரன் கம்பியின் பழைய உறை எங்கோ தேய்ந்து, கம்பி தகரத்தில் பட்டிருக்கிறது, ஃப்யூஸ் எரிந்துவிட்டது. அதே ஃப்யூஸில் நின்ற வால்வுக்கும் கரண்ட் போயிற்று. ஸ்பிரிங் தள்ளியது, அழுத்தம் இறங்கியது. லாரிக்கு நேரே போய்க்கொண்டிருந்த கார் பசுவாகிவிட்டது.

பிரேக் போட்டுப் பின்வாங்க நேரமில்லை. சார் வலப்பக்கமே ரோட்டை விட்டு இறக்கினார். கேழ்வரகு அறுத்த நிலம், வரப்பு, ஒரு பள்ளம். ஃப்ளோராவின் மணிக்கட்டு முறிந்தது. லாரி நிற்காமலே போய்விட்டது.

"ஒரு செகண்ட்" என்றார் சார். "அவ்வளவுதான் ஐடா. ஒரு செகண்ட்." கையிலிருந்த பென்சிலை மேஜையில் நிறுத்தி நிறுத்தி வைத்தார். அது விழுந்துகொண்டே இருந்தது.

பிறகு தம்மபாலனைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் வந்து கதவருகில், காக்கித் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். ஊர் முழுக்கத் தெரிந்த செய்தி அவருக்கும் தெரிந்திருந்தது. அம்மாவுக்குக் கை எப்படி இருக்கிறது என்று கேட்டார். கட்டுப் போட்டிருக்கு என்றார் சார். பிறகு அந்த நான்கு பக்கக் காகிதத்தை எடுத்து, மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்தார்.

"வால்வுக்குத் தனி ஃப்யூஸ். இங்க எழுதியிருக்கு. தடிச்ச எழுத்துல எழுதியிருக்கு. நீ ஹாரனோட சேத்திருக்க."

"ஆமாங்க சார்."

"எழுதியிருக்கறது உனக்குத் தெரியுமா?"

தம்மபாலன் பதில் சொல்வதற்குள் சாரின் பார்வை ஐடாவின் பக்கம் திரும்பியது. குரல் சற்றுத் தணிந்தது. "ஒருவேளை தமிழ்ல சொல்றப்போ இந்த வரி விட்டுப்போச்சா, ஐடா? நாலு பக்கம். பொடி எழுத்து. விட்டுப்போகலாம். அப்படின்னா விஷயம் வேற. பாலன் மேல தப்பு இல்ல."

அறையில் டைப் மெஷினில் பாதி அடித்த தாள் மின்விசிறிக் காற்றில் படபடத்தது. ஐடாவுக்குக் கணக்கு உடனே புரிந்தது. தான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தனக்கு என்ன ஆகும்? ஒரு திட்டு. சார் கொஞ்ச நாளைக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டார். தம்மபாலனுக்கு? அந்த ஜன்னல்கள். அதோடு அவளுக்குள் இன்னொன்றும் இருந்தது. வரியைப் படித்தது உண்மைதான். ஆனால் தடித்த எழுத்து என்பதை மடிக்குத்தானே சொன்னாள்? சின்ன வயதிலிருந்தே அவள் குரல் அப்படித்தான். வகுப்பில் விடை தெரிந்தும் கையைப் பாதி உயரத்துக்கே தூக்குவாள்.

"நான் அந்த வரிய..." என்று ஆரம்பித்தாள்.

"படிச்சாங்க சார்" என்றார் தம்மபாலன்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் அதற்கு மேல் அந்த அறையில் வேறு எதுவும் சொல்ல முடியாதபடி சொன்னார்.

"தெளிவா படிச்சாங்க. வேற எதையும் சேக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. நான்தான் எனக்குத் தெரியும்னு சேத்துட்டன். விண்டர் ரூம்ல மணியும் பிரேக்கும் சேந்திருக்கற மாதிரி."

சார் காகிதத்திலிருந்து விரலை எடுத்தார். "விண்டர் ரூம் மாதிரியா?"

"ஆமாங்க சார். மணி செத்தா நின்னுடணும்னு நெனச்சன். அங்க நின்னுட்டா பொழைச்சிக்குவோம் சார். கேஜ் எந்த எடத்துல நின்னாலும் மேல கயிறு புடிச்சிருக்குது. ரோட்ல நின்னா யாரு சார் புடிப்பாங்க? அது எனக்குத் தோணல."

எட்மண்ட் சார் கெட்டவர் இல்லை. அதை ஐடா இன்றைக்கும் சொல்வாள். அவர் கோபத்தில் கத்தவில்லை. மனைவியின் கையைக் காரணமாகவும் சொல்லவில்லை. "எழுதியிருக்கறத கேட்டுட்டு, அதுக்கு மேல தன் புத்தியில மாத்தற ஆளு, ஆயிரம் பேர ஏத்தி எறக்கற எடத்துல இருக்கலாமா? நீயே சொல்லு பாலன்" என்றார்.

தம்மபாலன் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார். "இருக்கக் கூடாதுங்க" என்றார்.

அன்று மத்தியானம் தம்மபாலனின் காகிதம் ஐடாவின் மெஷினுக்கு வந்தது. நிரந்தரம் ஒரு வருஷம் தள்ளிவைப்பு. அதுவரை கீழே பம்ப் அறைக்கு. அவர் பெயரை இங்கிலீஷில் அடிக்கும்போது அவள் ஓர் எழுத்தைத் தவறாக அடித்தாள். ரப்பரால் அழித்துத் திரும்ப அடித்தாள். அந்த இடத்தில் தாள் மெலிந்து, வெளிச்சத்தில் பார்த்தால் தெரியும்படி ஆகிவிட்டது.

சாயங்காலம் குழாயடியில் சுலோச்சனா அவளைப் பிடித்துக்கொண்டாள். "நீ சொல்லியிருக்கலாமே ஐடா, படிக்க மறந்துட்டேன்னு. உனக்கு இன்னா கொறைஞ்சு போயிடப் போவுது?"

"சொல்லத்தான் போனேன் அக்கா. அண்ணா முந்திக்கிட்டாரு."

சுலோச்சனா குடத்தை இடுப்பில் வைத்தாள், இறக்கினாள், மறுபடி வைத்தாள். "முந்துவாரு. வெளங்காத மனுஷன்" என்றாள். சொன்ன விதத்தில் வெறும் கோபம் மட்டும் இல்லை.

வியாழக்கிழமை முதல் கீழே ஷிப்ட். புதன்கிழமை மத்தியானம் தம்மபாலன் எட்மண்ட் சாரின் பங்களாவுக்குப் போய் ஒன்று கேட்டார்: தான் போட்ட கம்பியைத் தானே பிரித்து, சரியாகப் போட்டுத் தர வேண்டும். சார் முதலில் வேண்டாம் என்றார். வால்வையே கழற்றி எறியப் போவதாகச் சொன்னார். கையில் கட்டோடு வாசலில் நின்ற ஃப்ளோராதான், "போடட்டும் விடுங்க. இப்போ இந்த ஊர்லயே ஃப்யூஸப் பத்தி அவருக்குத்தான் நல்லாத் தெரியும்" என்றாள். சார் சாவியைக் கொடுத்து, படித்துச் சொல்ல ஐடாவையும் அனுப்பினார்.

கொட்டகையில் அதே மர ஸ்டூல். காரின் ஒரு பக்கம் நசுங்கி, சக்கரத்து இடுக்கில் கேழ்வரகுத் தாள் இன்னும் செருகியிருந்தது. தம்மபாலன் அதை ஒவ்வொன்றாக உருவிப் போட்டார். பிறகு ஹாரன் கம்பியில் உறை தேய்ந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, விரல் நகத்தால் தடவிப் பார்த்தார். அரை அங்குலம்கூட இல்லை.

"அண்ணா" என்றாள் ஐடா. "நான் சொல்லியிருந்தா நீங்க மேலயே இருந்திருப்பீங்க."

"இருந்திருப்பன்." அவர் புதுக் கம்பியின் முனையைச் சீவினார். "அப்புறம்? அடுத்த வருஷம் சார் யாருக்காவது இன்னொரு வண்டிய கொடுத்து, பாலன் மாதிரியே போடுன்னு சொல்லுவாரு. தப்பு தமிழ்லதான் இருந்துச்சு, கம்பியில இல்லன்னு நெனச்சிகினு. பழி எடம் மாறுச்சின்னா பழுது அங்கயேதான் இருக்கும் ஐடாம்மா."

கொஞ்ச நேரம் வேலை செய்தார். பிறகு, தனக்கே சொல்வதுபோல், "வெளிய வர இன்னொரு வழி இல்லாத எடம்தான் அந்த பம்ப் ரூம். இந்தத் தபா போனதும் மொதல்ல அங்க எது எதோட சேந்திருக்குதுன்னு பாக்கணும்" என்றார்.

வெளியே ரெண்டு மணிச் சங்கு ஊதியது. ஷிப்ட் மாறும் ஆட்களின் செருப்புச் சத்தம் ரோட்டில் கேட்டு ஓய்ந்தது. ஐடா காகிதத்தை விரித்தாள். பன்னிரண்டு வோல்ட், ஸ்பிரிங், ரப்பர் வளையம் என்று வரிசையாகப் படித்தாள். அவர் ஒவ்வொன்றுக்கும் நின்று, கையால் தொட்டு, ம்ம் என்றார். தடித்த எழுத்து வந்தது. படித்தாள். அவர் புது ஃப்யூஸ் பெட்டியைத் தனியாக, ஹாரனுக்கு ஒரு சாண் தள்ளித் திருகினார். திருகி முடித்துவிட்டு, ஸ்பானரைத் தட்டில் போடாமல் மெதுவாகத் துணியின் மேல் வைத்தார்.

"ஐடாம்மா, அன்னிக்கு நீங்க இன்னொன்னு சொன்னீங்க இல்ல? ஸ்பானர் வுழறப்போ. என்னமோ காதுல வுழுந்துச்சு. நான் திரும்பிக் கேக்கல."

அவள் தலையசைத்தாள்.

"இனிமே நீங்க யாருக்குப் படிச்சாலும் சரி, எனக்கே படிச்சாலும் சரி, கேக்கறவன் தலைய ஆட்டிட்டு ‘அடுத்தது’ன்னு சொன்னான்னா, அடுத்ததுக்குப் போகாதீங்க. அதே வரிய இன்னொரு தபா படிங்க. சத்தமா. நான் கோவிச்சிக்கினாலும் படிங்க."